வெள்ளத்தை அறிந்து துடுப்பெடுப்போம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றுப் பயணக் குழுவினர் சார்பில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் ஓடத்தையும் துடுப்பையும் பற்றிப் பேச எங்களுக்கு நேரம் ஒதுக்கிய செயற்குழுவினருக்கு முதற்கண் நன்றி கூறுகிறோம். சென்ற ஆடி மாதத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த பன்னிருவர் கோழிக்கோடு மாவட்டத்து மலையாறு ஒன்றில் துடுப்புப் படகு செலுத்தி வரச் சென்றோம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அப்பயணத்திற்கு எத்தனை நாள் ஆயத்தம் செய்தோம், அத்தனை ஆயத்தம் எதற்காக, மூன்றாம் நாள் படகேறாமலே திரும்பியது ஏன் என்பவற்றைச் சொல்லவே வந்திருக்கிறோம். "போனவர்கள் பாதியிலே திரும்பிவிட்டார்களாமே!" என்று குடியிருப்பில் ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மைதான். அந்தப் பாதியிலேதான் எங்கள் உரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஆறும் தமிழரும்

தமிழில் ஆறு என்னும் சொல்லுக்கு நதி என்பதும் பொருள், வழி என்பதும் பொருள். நீர் செல்லும் நெறியையும் மனிதர் செல்லும் நெறியையும் நம் முன்னோர் ஒரே சொல்லால் குறித்தனர். மலையாற்றின் போக்கிலே செல்லும் மிதவைக்கு உயிர் வாழ்க்கையை ஒப்பிட்டார் கணியன் பூங்குன்றனார். உலகமெல்லாம் நம் ஊரே என்ற கருத்துக்காகப் பலரும் போற்றும் அந்தப் புறநானூற்று 192ஆம் பாட்டிலேயே, பாறையில் மோதும் வெள்ளமும் அதில் மிதக்கும் புணையும் வருகின்றன என்பதைப் பலர் நினைவில் கொள்வதில்லை. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு இந்நகரில் வந்து குடியேறிய நமக்கு அப்பாட்டின் இரு பகுதிகளும் உரியவை.

வெள்ளத்தில் ஓடம் செலுத்துவது தமிழர்க்குப் புதுமையும் அன்று. ஒகேனக்கல்லில் காவிரி பாறைகளைப் பிளந்துகொண்டு பாயும் இடத்தில், மூங்கிலை வட்டமாக முடைந்து செய்த பரிசலை ஒற்றைத் துடுப்பால் செலுத்தும் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். அவர்கள் திறமையைக் கண்டு வியப்போர் பலர்; அவர்கள் பரிசலைக் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருக்கும் நாட்களைக் கவனிப்போர் சிலரே. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தார் ஆற்றின் நீர்வரத்தை வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளந்து சொல்கின்றனர். அந்த எண் உயர்ந்துவிட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதித்துவிடுகிறது. அத்தனை பழகிய கைகளே எண்ணைப் பார்த்து அடங்கும்போது, பழகாத நம் கைகள் எத்துணை அடக்கம் கொள்ள வேண்டும்!

நாம் இழந்த பிள்ளை

இதனைச் சொல்லும்போது நம் குடியிருப்பு மறக்க இயலாத ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. அவன் பெயரை இங்கே சொல்லவில்லை. சொல்லாமலே நீங்கள் அறிவீர்கள். பத்தொன்பது வயது. நகரத்திலிருந்து சில மணி நேரத்தில் சென்றடையும் ஒரு மலையோடைக்கு நம் குடும்பங்கள் பல ஒன்றுசேர்ந்து உல்லாசப் பயணம் போயிருந்தோம். கீழே நல்ல வெயில். மேலே மலையுச்சியில் மட்டும் மேகம் கறுத்திருந்தது. நடு ஓடையில் இருந்த பாறைக்கு முழங்கால் அளவு நீரில் நடந்து சென்றவன், திரும்பும்போது இடுப்பளவு நீரைக் கண்டான். அவன் நீச்சல் அறிந்தவன். ஆனால் அவன் அறிந்திருந்தது குளத்து நீச்சல். கரையில் நாற்பது பேர் நின்றோம். எவர் கையிலும் ஒரு முழம் கயிறு இல்லை.

அன்று நாம் புளியோதரைக்கும் தயிர்ச் சோற்றுக்கும் திட்டமிட்டிருந்தோம்; பேருந்துக்கும் பாட்டுப் பெட்டிக்கும் திட்டமிட்டிருந்தோம். ஆற்றுக்கு மட்டும் திட்டமிடவில்லை.

அதன் பின்னர் நம் வீடுகளில் ஆறு என்ற பேச்சே எழாமற் போயிற்று. நம் குழந்தைகள் கரமனையாற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்து வளர்ந்தனர். இந்நிலையில், சென்ற மாசி மாதத்தில் நம் இளைஞர் சிலர் எங்களிடம் வந்து, மழைக்காலத்தில் மலையாற்றில் துடுப்புப் படகு செலுத்த விரும்புவதாகக் கூறினர். எங்களுள் மூத்தவர்களுக்கு நெஞ்சம் துணுக்குற்றது. மறுத்துவிடுவது எளிது; ஆனால் மறுக்கப்பட்ட இளைஞர் சொல்லாமற் செல்வர் என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தத் தாயாரிடம் கேளாமல் முடிவு செய்வதில்லை என்று உறுதி பூண்டு, அவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "போகக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஐயா. கயிறு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மழை பெருத்தால் திரும்பி வரச் சொல்லுங்கள்." எங்கள் திட்டம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுரையே.

வள்ளுவர் வகுத்த முறை

திட்டமிடுவது எப்படி என்று எண்ணியபோது எங்களுக்குக் கைகொடுத்தது திருக்குறள். பொருட்பாலில் 47ஆம் அதிகாரம் தெரிந்து செயல்வகை. அதனை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்து தெளிதல் என நான்கு அதிகாரங்கள் வரிசையாக நிற்கின்றன. அரசனுக்குப் போர்முறை கூற எழுந்த அவ்வரிசை, ஆற்றில் இறங்குவோனுக்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டு வியந்தோம். அவ்வரிசையிலேயே எங்கள் ஆயத்தங்களைச் சொல்கிறோம்.

வலி

முதலில் ஆற்றின் வலிமை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் கொண்ட தொட்டி நீரின் எடை 1,000 கிலோ. அவ்வளவு எடையும் நகர்ந்து வருவதே வெள்ளம். நீரின் வேகம் இரு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிறது. காலையில் நின்று குளித்த இடத்தில் மாலையில் நிற்க முடியாமற் போவதன் காரணம் இதுவே. கண்ணுக்குச் சிறிதே வேகம் கூடியதாகத் தோன்றும். காலுக்கோ அது வேறோர் ஆறு.

அடுத்து நம் வலிமை. பெயர் கொடுத்த இளைஞர் பதினொருவர். நகரத்து நீச்சற் குளத்தில் வாரம் மூன்று நாள் பயிற்சி வைத்தோம். உடுத்த உடையோடு நீந்துதல், உயிர்காப்பு அங்கியுடன் மல்லாந்து மிதத்தல், களைத்த பின்னரும் பதறாதிருத்தல் ஆகியவற்றைத் தேர்வாக வைத்தோம். இருவரால் இயலவில்லை. அவர்களை இவ்வாண்டு நிறுத்திக்கொண்டோம். அவர்களும் மனம் கோணாமல் பயிற்சியைத் தொடர்கின்றனர். எஞ்சிய ஒன்பதின்மருள் மூவர் பெண்கள். நீந்துவதில் முதலாவதாக நின்றவர் அம்மூவருள் ஒருவரே என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். துணைக்குச் சென்ற மூத்தவர் மூவரையும் சேர்த்துப் பன்னிருவரானோம்.

நாங்கள் செலுத்தக் கற்றது கயாக் எனப்படும் ஒருவர் அமரும் படகு. வடதுருவத்துக்கு அண்மையில் பனிக்கடலோரம் வாழும் இனுயிட் மக்கள், கடல்நாய்த் தோலைப் போர்த்தி வேட்டைக்காகச் செய்துகொண்ட ஓடம் அது. கவிழ்ந்தால் படகை விட்டு வெளியேறாமலே துடுப்பை வீசி நிமிரும் வித்தையும் அவர்களுடையதே. ஆஸ்திரிய நாட்டவரான ஹான்ஸ் பவ்லாட்டா 1927ஆம் ஆண்டில் அதனைக் கற்று, பின் ஐரோப்பியருக்குப் பரப்பினார். 1972இல் மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் வெள்ளநீர்ப் படகோட்டம் முதன்முதலாக இடம்பெற்றது. எங்களுக்கு அந்த நிமிரும் வித்தை கைவரவில்லை. ஆகவே கவிழ்ந்தவுடன் முன்னே குனிந்து, இடுப்பு மறைப்பின் பிடியை இழுத்து, தலைகீழாக இருக்கும் படகிலிருந்து அமைதியாக வெளிவருவதை வேளிக் காயலின் அசையாத நீரில் பலமுறை பழகினோம். முதல் நாளில் எல்லோரும் காயல் நீரைக் குடித்தோம். பத்தாம் நாளில் எவரும் குடிக்கவில்லை.

காலம்

தஞ்சையிலும் திருச்சியிலும் ஆற்றோடு பழகிய நம்மில் பலருக்குக் கேரளத்து ஆறுகளின் இயல்பு எளிதில் விளங்குவதில்லை. காவிரி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது; மேலே பெய்த மழை கீழே வந்து சேர நாட்கள் ஆகின்றன; வழியில் அணைகள் இருக்கின்றன; அறிவிப்பும் வருகிறது. கேரளத்தின் 44 ஆறுகளில் மேற்கு நோக்கி ஓடுபவை 41. அவற்றுள் மிக நீண்ட பெரியாறே 244 கிலோமீட்டர்தான். மலையுச்சிக்கும் கடலுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு; சரிவோ மிகுதி. ஆதலின் மலையில் பெய்யும் மழை சில மணி நேரத்திலேயே கீழே பெருகி வருகிறது. இந்நாட்டு மக்கள் அதற்கு மலவெள்ளப்பாச்சில் என்று தனிப்பெயரே வைத்திருக்கின்றனர். குளிக்கும் இடத்தில் வானம் தெளிந்திருப்பது எவ்விதத்திலும் உறுதியன்று.

கோடையில் இம்மலையாறுகள் பெரும்பாலும் கல்லும் குட்டையுமாகவே கிடக்கும். படகு மிதக்க நீர் வேண்டுமெனில் தென்மேற்குப் பருவமழையில்தான் போக வேண்டும். நமக்கு ஆடியாகவும் இவர்களுக்குக் கர்க்கிடகமாகவும் அமைந்த மாதம் அது. கள்ளக் கர்க்கிடகம் என்று அதனை இம்மக்கள் அழைப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் காட்டி மழை பொழியும் மாதம் அது. ஆகவே விருப்பமும் ஆபத்தும் ஒரே காலத்தில் வருகின்றன. இதுவே இப்பயணத்தின் சிக்கல்.

இச்சிக்கலை நம் மனத்தின் துணிவுக்கு விட்டுவிடாமல், எண்ணுக்கு விட்டுவிடத் தீர்மானித்தோம். இந்திய வானிலைத் துறையார் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்யும் மழையைக் கனமழை என்றும், 204.4 வரையில் மிகக் கனமழை என்றும், அதற்கு மேற்பட்டதை அதிகன மழை என்றும் வகுத்துள்ளனர். கேரளத்தில் இம்மூன்றுக்கும் முறையே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் விடப்படுகின்றன. எங்கள் விதி இது: மஞ்சள் எனில் எளிய பகுதியில் மட்டும், அதுவும் வழிகாட்டி இசைந்தால் மட்டும் இறங்குவது, ஆரஞ்சு எனில் நீரில் இறங்குவதில்லை, சிவப்பு எனில் ஊரை விட்டே கிளம்புவதில்லை. இதனைத் தாளில் எழுதிப் பன்னிருவரும் கையெழுத்திட்டோம். ஆற்றங்கரையில் நின்று முடிவு செய்யும்போது, செலவழித்த பணமும் வந்த தூரமும் தோழர் கேலியும் நம்மோடு சேர்ந்து வாக்களிக்கும். வீட்டுத் திண்ணையில் முடிவு செய்தால் அவற்றுக்கு வாக்குரிமை இல்லை.

இவ்வளவு கடுமை வேண்டுமா என்று சிலர் கேட்டனர். 2018 ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தை நாம் அனைவரும் கண்டோம். 2024 ஜூலை 30ஆம் நாள் விடியற்காலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் ஏற்பட்ட மண்சரிவு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அடித்துச் செல்லப்பட்டோரின் உடல்கள் பல, சாலியாற்றில் நிலம்பூர்ப் பகுதியிலே கண்டெடுக்கப்பட்டன. நாங்கள் செல்லவிருந்த சாலிப்புழயும் இருவஞ்ஞிப்புழயும் அதே சாலியாற்றோடு சேரும் ஆறுகள்தாம். அத்துயரத்தை நினைவிற்கொண்டே அம்மலையடிவாரத்துக்குச் செல்ல வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இடம்

இளைஞர் முதலில் குறித்த இடம் பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாறு. அண்மையில் இருப்பது, செலவு குறைவு, ஒரே நாளில் திரும்பலாம் என்று காரணம் காட்டினர். மூத்தவர் மூவரும் நேரே சென்று பார்த்துவந்தோம். அழகிய ஆறுதான். ஆயினும் உருண்ட பெரும் பாறைகள் நெருங்கிக் கிடக்கின்றன. பாறைகளுக்கு அடியிலும் நீர் புகுந்து ஓடுகிறது. சல்லடையில் கப்பி நின்றுவிடுவதுபோல அங்கே ஆள் நின்றுவிடுவான். குளிக்கச் சென்று உயிரிழந்தோர் அங்கே பலர். வழிகாட்டப் படகுப் பயிற்சி பெற்றோரையும் நாங்கள் அங்கே காணவில்லை. ஆகவே அண்மை என்ற ஒரே சிறப்புக்காக அதனை ஏற்க மறுத்தோம்.

பின்னர் விசாரித்ததில் கோழிக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில், கோடஞ்சேரிக்கு அருகிலுள்ள புலிக்கயத்தைப் பற்றி அறிந்தோம். துஷாரகிரி அருவிப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் சாலிப்புழ அங்கே ஓடுகிறது; பின்னர் அது இருவஞ்ஞிப்புழயோடு கலக்கிறது; அது சாலியாற்றோடு கலந்து, மரக்கலங்கள் கட்டுவதற்குப் பெயர்பெற்ற பேப்பூரிலே கடலை அடைகிறது. 2013ஆம் ஆண்டு முதல் அங்கே மழைக்காலத்தில் மலபார் ஆற்று விழா என்னும் படகுப் போட்டி நடத்தப்பெற்று வருகிறது. அயல்நாட்டு வீரரும் வந்து கலந்துகொள்கின்றனர். அதன் பயனாக ஆற்றை நன்கறிந்த உள்ளூர் இளைஞர் பலர் அங்கே உருவாகியிருக்கின்றனர்.

வெள்ளநீரின் கடுமையை உலகெங்கும் ஆறு படிகளாக வகுத்துள்ளனர். முதற்படி சிற்றலை, இரண்டாம் படியில் வழி தெளிவாகத் தெரியும், மூன்றாம் படியில் ஒழுங்கற்ற அலைகளுக்கிடையே படகைத் திருப்பத் தெரிந்திருக்க வேண்டும், நான்காவதும் ஐந்தாவதும் தேர்ந்தவர்களுக்கு உரியவை, ஆறாவது உயிரைப் பணயம் வைப்பது. ஒரே ஆறு மழைக்கேற்பப் படி மாறும் என்பதையும் மறக்கலாகாது. முதலிரண்டு படிகளைத் தாண்டுவதில்லை என்று வரையறுத்துக்கொண்டோம். மூன்றாம் நாளில் இருவஞ்ஞிப்புழயில் சற்றுக் கடினமான ஒரு பகுதியை வழிகாட்டிகளோடு முயலலாம் என்பது மட்டும் இளைஞருக்குக் கொடுத்த சலுகை.

ஆற்றைப் படிப்பதும் ஒரு கல்வியே. இரு பாறைகளுக்கிடையே நீர் நாக்குப்போல நீண்டு கீழ்நோக்கிக் கூர்ந்தால் அங்கே வழி உண்டு; கூர்முனை மேல்நோக்கி நம்மைப் பார்த்தால் அங்கே பாறை மறைந்திருக்கிறது. பெரிய பாறையின் பின்புறத்தில் நீர் எதிர்த்து ஓடித் தேங்கும். அது படகோட்டிக்குச் சத்திரம்போல இளைப்பாறும் இடம். முன்னே ஆறு திடீரென ஒரு கோடாக முடிந்து ஓசை மட்டும் கேட்டால், கரையேறி நடந்து சென்று பார்க்காமல் போகக் கூடாது. விழுந்து கிடக்கும் மரத்தின் கிளைகள் நீரை விட்டுவிட்டு மனிதனைப் பிடித்துக்கொள்ளும். தடுப்பணை மேலிருந்து பார்க்கச் சாதுவானது. அதன் அடியிலே சுருளும் நீர் விழுந்தவனைத் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும். ஓடும் நீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக் கூடாது. கால் கல்லிடுக்கில் சிக்கினால் வெள்ளம் உடலைக் கவிழ்த்துவிடும். மல்லாந்து, பாதங்களை முன்னே நீட்டி, ஆழம் குறைந்த கரை வரையில் மிதந்து செல்வதே முறை. முதலைக்கு ஆழநீரே வலிமை என்கிறது இடனறிதல். நாம் முதலைகள் அல்லோம். நம் வலிமை கரையிலேதான் இருக்கிறது.

துணை

இறுதியாகத் துணை. வழிகாட்டிகளைத் தேர்ந்தெடுக்குமுன் அவர்களிடம் தொலைபேசியில் பல கேள்விகள் கேட்டோம். மீட்புப் பயிற்சி பெற்றவர் எத்தனை பேர்? எத்தனை படகுக்கு ஒரு வழிகாட்டி? வீசும் கயிறு எத்தனை? அண்மையிலுள்ள மருத்துவமனை எது? நாங்கள் வற்புறுத்தினாலும் "வேண்டா" என்று சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் "ஆம்" என்றவர்களையே அமர்த்திக்கொண்டோம்.

ஆளுக்கொரு தலைக்கவசம், உடலோடு இறுகப் பொருந்தும் உயிர்காப்பு அங்கி, கழலாத காலணி, ஒரு விசில். குழுவுக்கு நான்கு வீசுகயிறுகள், முதலுதவிப் பெட்டி. விசில் ஒருமுறை ஒலித்தால் கவனி. மும்முறை ஒலித்தால் ஆபத்து. மழைக்கால நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் பரவுமாதலால் மருத்துவரைக் கண்டு முன்னரே ஆலோசனை பெற்றோம். காலில் ஆறாத புண் உள்ளவர் நீரில் இறங்கக் கூடாது என்றும் விதித்தோம். குடியிருப்பில் ஒருவரிடம் எங்கள் பயணக் குறிப்பின் நகலைக் கொடுத்து, மாலை ஆறு மணிக்குள் தொலைபேசி வரவில்லையெனில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிவைத்தோம்.

மூன்று நாட்கள்

இரவு ரயிலில் புறப்பட்டுக் கோழிக்கோட்டில் இறங்கிப் பேருந்தில் கோடஞ்சேரி சேர்ந்தோம். முதல் நாள் முழுவதும் சாலிப்புழயின் கரையில் நடந்தே கழிந்தது, ஒருவரும் படகேறவில்லை. எந்தப் பாறைக்குப் பின்னே ஒதுங்குவது, எங்கே கயிற்றுடன் ஆள் நிற்பது என்று குறித்துக்கொண்டோம். நீரோரத்தில் ஒரு கல்லில் சுண்ணாம்புக் கோடிட்டுக் கால்மணிக்கொருமுறை மட்டம் பார்க்க ஒருவரை அமர்த்தினோம்.

இரண்டாம் நாள் ஆற்றில் இறங்கினோம். அதன் இன்பத்தை எவ்வாறு சொல்வது! பச்சை மலைகளுக்கிடையே வெண்ணுரை பொங்க, குளிர்ந்த நீர் முகத்தில் அறைய, துடுப்பின் ஒவ்வொரு வீச்சுக்கும் படகு துள்ளிச் செல்லும்போது அறுபது வயதும் இருபதாகிறது. நண்பகலில் ஒரு படகு கவிழ்ந்தது. எங்கள் பெண்மணிகளுள் ஒருவர் அமைதியாக வெளிவந்து, மல்லாந்து, பாதங்களை முன்னே நீட்டி மிதந்துவந்தார். கரையிலிருந்து கயிறு பறந்தது, அவர் பற்றினார், அரை நிமிடத்திற்குள் மணலில் நின்றார். நாங்கள் யாரும் பேசவில்லை. எல்லோர் உள்ளத்திலும் அந்த ஞாயிற்றுக்கிழமையே இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்தபோது தூறல்கூட இல்லை. ஆனால் மாவட்டத்திற்கு ஆரஞ்சு எச்சரிக்கை வந்திருந்தது. ஆற்றங்கரைக்குச் சென்று பார்த்தோம். இளைஞருள் ஒருவர், "ஒரு மணி நேரம் மட்டும் போய்வருவோமே, ஐயா, நீர் நேற்று இருந்தபடியேதானே இருக்கிறது" என்றார். உண்மையில் நேற்றைவிட அது எங்களுக்கு அழகாகவே தோன்றியது. எங்கள் வழிகாட்டி, இருபத்தைந்து வயதிருக்கும் மலையாள இளைஞர், மேலே மலையைப் பார்த்துவிட்டு, "இன்னு வேண்டா, சேட்டா, புழ நாளெயும் இவிடெ உண்டாவும்" என்றார். கையெழுத்திட்ட தாளை எடுத்து விரித்தோம். வாதம் அத்தோடு முடிந்தது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு கோழிக்கோட்டுப் பேருந்துக்குக் காத்திருந்தபோது சுண்ணாம்புக் கோடிட்ட கல்லைப் போய்ப் பார்த்துவந்த ஒருவர், கோடு நீருக்குள் போய்விட்டது என்றார். சிறிது நேரத்தில் நீர் செம்மண் நிறமாயிற்று. சருகும் கிளைகளும் மிதந்து வந்தன. அதுவரையில் முகம் வாடியிருந்த இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அன்று மழை வராமலே போயிருந்தாலும் எங்கள் முடிவு சரியானதே என்பதையும் சொல்லிவைக்கிறோம். வெள்ளம் வந்ததால்தான் திரும்பியது நியாயமாயிற்று என்று எண்ணினால், அடுத்த முறை வெள்ளம் வரும் வரையில் காத்திருக்கத் தோன்றும்.

எங்கள் வேண்டுகோள்

ஊர் திரும்பியதும் முதலில் அந்தத் தாயார் வீட்டுக்கே சென்றோம். நடந்தவற்றைக் கேட்டுவிட்டு, "கயிறு நனைந்ததா?" என்று வினவினார். "ஒருமுறை நனைந்தது, அம்மா" என்றோம். அவர் உள்ளே சென்று எங்கள் அனைவருக்கும் காப்பி கொண்டுவந்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

பெரியோர்களே! நம் அகத்தியர் மலை 1,868 மீட்டர் உயரத்தில் நின்று, கிழக்கே தாமிரபரணியைத் திருநெல்வேலிக்கும் மேற்கே நெய்யாற்றை இந்நாட்டுக்கும் தருகிறது. ஒரே மலைத்தொடரின் நீரை இருபுறமும் குடிப்பவர் நாம். அந்த நீரைக் கண்டு நம் பிள்ளைகள் அஞ்சி ஒதுங்கவும் வேண்டா; அறியாமற் பாயவும் வேண்டா. இதன்பொருட்டுச் சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். நம் குடியிருப்பில் பத்து வயது நிரம்பிய ஒவ்வொரு குழந்தைக்கும், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி, நீச்சல் கற்பிக்கச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்கத்தின் சார்பில் செல்லும் எந்த உல்லாசப் பயணத்திலும், நீர்நிலை அருகே செல்வதாயின், வீசுகயிறு இரண்டும் அதனை வீசப் பழகியவர் இருவரும் உடன்செல்ல வேண்டும். புறப்படுமுன் வானிலை எச்சரிக்கையைப் பார்த்து, திரும்பும் விதியை எழுதிக் கையெழுத்திட வேண்டும். கயிறு இரண்டை நாங்களே வாங்கிச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். வாசற்கதவுக்குப் பின்னே மஞ்சள் பையில் தொங்குகின்றன. சாவி கேட்க வேண்டியதில்லை.

இருவஞ்ஞிப்புழயை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. வருகிற ஆடியில் மீண்டும் செல்ல எண்ணியிருக்கிறோம். சென்ற முறை நிறுத்திவைக்கப்பட்ட இருவரும் இம்முறை தேர்வு எழுதக் காத்திருக்கின்றனர். நீங்கள் விடைகொடுத்து அனுப்புவீர்கள் என்றும், பாதியிலே திரும்பி வந்தாலும் மகிழ்ந்து வரவேற்பீர்கள் என்றும் நம்புகிறோம்.